பறவை ஆர்வலர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது. நவம்பர் 12 அன்று பறவையியலாளர் சாலிம் அலி பிறந்தநாளைப் பள்ளி மாணவர்களோடு கொண்டாடினோம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் கலந்துகொண்டோம்.

இவ்வாண்டின் பெரிய வேலை, திருநெல்வேலி மாவட்டத்தின் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தைப் பற்றிப் பள்ளிகளுக்காகச் செய்த படப்பலகைகள். "எலும்பு உள்ளீடற்றது, அதனால் பறக்கிறது என்று ஒரு வரி போட்டால் போதாதா, இவ்வளவு செலவு எதற்கு?" என்று செயற்குழுவில் கேட்டார்கள். போதாது. பறவையின் எலும்புக்கூடு அதே அளவுள்ள பாலூட்டியினுடையதைவிட அப்படியொன்றும் எடை குறைந்ததல்ல. எலும்புப் பொருள் அடர்த்தியானது, அதனால்தான் சிறகடிப்பின் விசையைத் தாங்குகிறது. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கும் இந்த வாத்து இமயத்தைத் தாண்டுகிறது. 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததும் பதிவாகியிருக்கிறது. அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிகூட இல்லை. நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் இருப்பதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியே புதுக்காற்று ஒரே திசையில் ஓடுகிறது. இது எல்லாப் பறவைக்கும் உண்டு. வரித்தலை வாத்துக்குக் கூடுதலாக, ரத்தத்தில் ஆக்சிஜனை இறுகப் பற்றும் ஹீமோகுளோபினும், பறக்கும் தசைகளில் நெருக்கமான ரத்த நுண்குழாய்களும் இருக்கின்றன.

"மேலேயே நேராகப் பறந்துவிடலாமே?" என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சிறகடிக்கப் பெரும் சக்தி வேண்டும். அதனால் மலைச்சரிவை ஒட்டி ஏறி இறங்கி வருவதே அதற்குச் சிக்கனம். சக்தியை அப்படி எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பறவை அது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக நம் உறுப்பினர்களே கரையில் இறங்கி நடந்து வாத்துக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டார்கள். திரும்பிப் போகும் பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்க வேண்டிய காலம் அது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் கூந்தன்குளம். அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் வந்து முறையிட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. படமெடுக்க வந்தவர்களில் பலர் விடியற்காலைக் கணக்கெடுப்புக்கு வரவில்லை. சந்தா பாக்கியும் பெரும்பாலும் அவர்களிடமே.

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகின. பலகைச் செலவில் ஒரு பகுதி நன்கொடை, மீதி கையிருப்பு. விவரம் பொருளாளரிடம் உள்ளது.

வனத்துறைக்கும், ஆசிரியர்களுக்கும், கூந்தன்குளம் மக்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டிலும் நானே செயலாளராகத் தொடர வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கணக்கெடுப்புக்கு ஆள் வரும், கரையில் யாரும் இறங்க மாட்டார்கள் என்ற உறுதியை இந்தக் கூட்டத்திலேயே கொடுத்தால் தொடர்கிறேன். இரவல் போன ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (பறவை பார்க்கும் தொலைநோக்கி) வாத்துகள் வருவதற்கு முன் திருப்பித் தர வேண்டும். சந்தாவை இம்மாதத்துக்குள் பொருளாளரிடம் கட்டிவிடுங்கள்.

செயலாளர்