பெயரையாவது விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஜப்பானிய ஜிமுஷோ (நடிகர், பாடகர்களை ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் நிறுவனம்) முதலாளிகளுக்கு,

வணக்கம். உங்களில் சிலர், நிறுவனத்தை விட்டு விலகிய கலைஞரை அவர் பெயரிலேயே தொழில் செய்ய விடாமல் தடுத்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ரசிகனாக எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: ஒப்பந்தம் முடிந்து ஒருவர் வெளியே போகும்போது அவர் பெயரும் அவரோடு போகட்டும்.

போன வாரம் நெட்ஃப்ளிக்ஸில் 2025இல் வந்த புல்லட் ரயில் படத்தை மறுபடி பார்த்தேன். குண்டு வைத்த ரயிலை வேகம் குறையாமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டிய ஓட்டுநராக ஒரு பெண். பெயர்ப்பட்டியலில் அவருக்கு ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்துமுறையில் இரண்டே எழுத்து: நொன். அப்புறம் பழைய நினைப்பில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் 2013 காலைத் தொடர் 'அமாச்சான்' பக்கம் போனேன். இவாத்தே கடலோரத்தில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டு உள்ளூர் ஐடலாகிவிடுகிற (ஆடிப் பாடும் இளம் நட்சத்திரம்) பள்ளிக்கூடப் பெண். அதே கண், அதே சிரிப்பு. அங்கே நான்கு சீன எழுத்துகள்: நோனென் ரேனா.

அந்த நான்கெழுத்து கலைப்பெயர் அல்ல, பிறந்தபோதே வந்த பெயர். 13 வயதில் 'நிகோலா' என்ற சிறுமியர் ஃபேஷன் இதழின் மாடலாக இந்தத் தொழிலுக்குள் வந்தவர், 2016 ஜூலையில், 23 வயது நிறைகிற மாதத்தில், அதைக் கழற்றி வைத்துவிட்டு நொன் ஆனார். சொந்தப் பெயரில் நடிக்கவும் பழைய நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்றார்களாம். அன்றைய செய்திகளில் வந்ததுதான். மருத்துவமனையில் "நோனென்-சான்" என்று கூப்பிட்டால் எழுந்து போகலாம். போஸ்டரில் மட்டும் கூடாது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நன்றாக நடித்தால் 'பேர் வாங்கினாள்' என்போம் தமிழில். வாங்கிய பேரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போ என்றால் என்ன அர்த்தம்? அதே 2016இல் போர்க்கால குரே நகரத்துப் பெண்ணாக ஓர் அனிமேஷன் படத்தில் குரல் கொடுத்தார். 'கினெமா ஜுன்போ' என்ற சினிமா இதழ் அந்தப் படத்தை ஆண்டின் முதலிடத்தில் வைத்தது. அதற்கும் புதுப்பெயர்தான், புதுமுகம் மாதிரி.

சட்டம் பேச வரவில்லை. ஆனால் 2022 டிசம்பரில் பாடகி ஐஉச்சி ரினா விஷயத்தில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் பெயரைப் பூட்டி வைக்கும் விதி செல்லாது என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது கலைப்பெயர். கலைப்பெயருக்கே அப்படி என்றால், வீட்டில் வைத்த பெயர் யாருடையது ஐயா?

சொல்ல வந்ததை விட்டு ஒன்று. ஐடல் சிறுமி குழுவை விட்டு விலகுவதை 'பட்டம் பெறுதல்' என்கிறீர்கள். அழகான சொல். 2021இல் கலைந்த 'சகுரா ககுயின்' என்ற ஐடல் குழுவில் நடுநிலைப் பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள், வயது 15. படித்து முடித்த பிள்ளையின் பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டு சான்றிதழை மட்டும் கொடுக்கிற பள்ளிக்கூடம் உலகத்தில் வேறெங்கும் உண்டா?

சரி, கோபம் மிஞ்சியிருந்தால் மன்னிக்கவும். போகிறவரோடு பெயரும் போகட்டும், அவ்வளவுதான். அடுத்த முறை 13 வயதுப் பிள்ளையின் பெற்றோர் முன்னால் ஒப்பந்தத்தை நீட்டும்போது, தயவுசெய்து அந்த ஒரு வரியை அடித்துவிட்டு நீட்டுங்கள்.

பணிவுடன்,
'அமாச்சான்' காலத்து ரசிகன்