எலைசாவின் கடிதங்களில் சரக்குக் கணக்கை வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எலைசா லூக்காஸ் பிங்க்னியின் கடிதங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கத் தோட்ட முதலாளிக் குடும்பத்துப் பெண் ஒருத்தியைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் மெனக்கெட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் மொழிபெயர்த்துத் தந்த பகுதிகளில்தான் மனம் ஒப்பவில்லை. பாசம், கல்யாணப் பேச்சு, நலம் விசாரிப்பு எல்லாம் இருக்கின்றன. விதை, தார், சுண்ணாம்பு, கப்பல் என்று வரும் இடங்களில் மட்டும் மூன்று புள்ளி. முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் இருந்து கடித நகல்களைக் கோப்பில் சேர்த்தவள் நான். அந்தப் புள்ளிகள் என்னை உறுத்துகின்றன.

எலைசா வைத்திருந்தது நாட்குறிப்பு இல்லை, கடித நகல் புத்தகம். அனுப்பும் கடிதத்தையோ அதன் சுருக்கத்தையோ அதில் எழுதி வைத்துக்கொள்வது அன்றைய வியாபாரிகள், தோட்டக்காரர்களின் வழக்கம். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் என்ன எழுதினோம் என்பதே மறந்துபோகும். கப்பல் மூழ்கலாம், எதிரி கையில் சிக்கலாம் என்ற பயத்தில் முக்கியமான கடிதத்துக்குப் பிரதி எடுத்து வேறு வேறு கப்பலில் அனுப்பினார்கள். அதனால் அந்தப் புத்தகத்தில் அப்பாவுக்கான கடிதமும் முகவருக்கான கடிதமும் அடுத்தடுத்து நிற்கின்றன. சில சமயம் இரண்டும் ஒரே கடிதம்.

1739-ல் பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டபோது, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியான அப்பா ஜார்ஜ் லூக்காஸ் ஆன்டிகுவா தீவுக்குத் திரும்பிவிட்டார். தென் கரோலினாவில் உடம்புக்கு முடியாத அம்மா, தங்கை, மூன்று தோட்டங்கள். பொறுப்பெல்லாம் பதினாறு பதினேழு வயதுப் பெண்ணின் தலையில். மூன்று தோட்டத்து வேலையையும் நான்தான் பார்க்கிறேன், எழுத வேண்டியதே ஏராளம் என்று 1740-ல் லண்டனில் இருந்த திருமதி பாடிகாட்டுக்கு எழுதுகிறார். மாப்பிள்ளை பார்த்த அப்பாவுக்கு அவர் கொடுத்த பதிலைக் கட்டுரையாளர் அழகாகவே மொழிபெயர்த்திருக்கிறார்: பெரு, சிலி நாட்டுச் செல்வம் அத்தனையும் அந்த மனிதரிடம் இருந்தாலும் அவரைக் கணவராக ஏற்கும் மதிப்பு தனக்கு வராது என்ற வரி. சரி, அதே அப்பாவிடம்தான் நீலச் சாயம் எடுக்கும் அவுரி விதையை மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து அடுத்த ஆண்டு சீக்கிரம் அனுப்பச் சொல்கிறார். இஞ்சி, பருத்தி எல்லாம் போட்டுப் பார்த்ததில் அவுரியில்தான் நம்பிக்கை அதிகம் என்கிறார். கல்யாணத்தை மறுக்கும் துணிவு அந்த மகளுக்கு எங்கிருந்து வந்தது? தோட்டக் கணக்கு அவர் கையில் இருந்ததற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்றே நான் நம்புகிறேன். விதை வரியை எடுத்துவிட்டால் அது வெறும் அடம் பிடிக்கும் பெண்ணின் கடிதமாகிவிடுகிறது.

குடும்பக் கடிதங்கள் அழிந்து வியாபாரக் கடிதங்கள் பிழைத்த வீடுகளும் உண்டு. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் இறந்த பிறகு, அவர் மனைவி மார்த்தா தங்கள் இருவரின் கடிதங்களை எரித்துவிட்டார். தப்பியவை ஒரு சிலதான். ஆனால் லண்டனில் இருந்த ராபர்ட் கேரி நிறுவனத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய சரக்குப் பட்டியல்கள் இருக்கின்றன. புகையிலையை அனுப்பி, அதன் விலைக்கு ஈடாகத் துணியும் தோட்டச் சாமான்களும் கேட்கிற அந்தப் பட்டியல்களில், மார்த்தாவின் பிள்ளைகள் ஜாக்கிக்கும் பாட்சிக்கும் வேண்டிய விளையாட்டுச் சாமான்களும் வருகின்றன. அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்க்க நமக்கு மிஞ்சியிருக்கும் சில ஜன்னல்களில் அதுவும் ஒன்று.

நான் எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு, அதுதான் பெரியது. 1745-46-ல் கரோலினாவிலிருந்து சுமார் 5,000 பவுண்டு எடை நீலச் சாயம் ஏற்றுமதியானது. 1748-ல் அது 1,30,000 பவுண்டு. செடியை அறுத்து, தொட்டியில் ஊறப்போட்டு, அந்த நாற்றத்தில் நின்று தண்ணீரை அடித்துக் கலக்கி, சுண்ணாம்பு சேர்த்து, வண்டலை உலர்த்திக் கட்டியாக்கியவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்கள். அவர்களுடைய கடிதம் நமக்கு ஒன்றுகூட இல்லை. அவர்கள் பெயர் எட்டிப்பார்ப்பது நீங்கள் புள்ளி வைத்த இடங்களில்தான்.

1743 ஜனவரியில் எலைசா அப்பாவுக்கு எழுதியதன் குறிப்பு அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அவர்கள் தோட்டத்துத் தச்சர் குவாஷ் மற்றவர்களோடு சேர்ந்து செயின்ட் அகஸ்டினுக்குத் தப்பத் திட்டமிட்டதாக விசாரணை நடந்தது. ஸ்பெயின்காரர்கள் வசம் இருந்த அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. விசாரணையில் நானும் இருந்தேன், குவாஷ் குற்றமற்றவர் என்று நிரூபணமானது, தலைமை தாங்கியவருக்குத் தூக்கு, இன்னொருவருக்குச் சவுக்கடி என்று எலைசா எழுதுகிறார். தூக்குக்குப் போகிறவரின் பெயர்கூட அதில் இல்லை. அந்த வரிகளைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எலைசாவின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1793-ல் அவர் இறந்தபோது வாஷிங்டனே சவப்பெட்டியைத் தாங்கி நடந்தார் என்றால் சும்மாவா. கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் 1743 ஜனவரிக் குறிப்பை ஒரு வரிகூட விடாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி