பெரிய பட்டம் கேட்பவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆளையே இழுத்துப்போகும் காற்றுப் பட்டத்தோடு உறைந்த ஏரியில் சறுக்கிப் பழகியவர்கள், மறுபடி பலகையோடு தண்ணீரில் இறங்கியதும் எங்களிடம் கொண்டுவரும் புகார் ஒன்றுதான்: "அதே பட்டம், அதே காற்று. பனிக்கட்டி மேல் பறந்தது, தண்ணீரில் தவழ்கிறது. இன்னும் பெரிதாக ஒன்று கொடுங்கள்." கொடுத்தால் எங்களுக்கு வியாபாரம்தான். ஆனால் பெரும்பாலும் அதனால் உங்களுக்குப் பயன் இருக்காது.

காற்று வீசும் பக்கம் பட்டம் உங்களை இழுக்கிறது. காலடியில் இருக்கும் பலகையின் விளிம்போ, ஸ்கேட் என்ற சறுக்குக் காலணியின் கத்தியோ பக்கவாட்டில் நகர மாட்டேன் என்று பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சிக்கிய நீங்கள், ஈர சோப்பை இறுக்கிப் பிடித்தால் வழுக்கி ஓடுமே, அப்படி முன்னால் ஓடுகிறீர்கள். எவ்வளவு வேகமாக என்பதை இரண்டு கோணங்கள் முடிவு செய்கின்றன. தன் பின்னிழுப்பால் பட்டம் எவ்வளவு பின்தங்குகிறது என்பது ஒன்று. காலடியில் உள்ளது எவ்வளவு தடுக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் கூட்டினால், ஓடும்போது முகத்தில் அடிக்கும் காற்றுக்கும் நீங்கள் போகும் திசைக்கும் இடையில் உள்ள கோணம் வந்துவிடும். அது 30 பாகை என்றால் காற்றைப் போல் 2 மடங்கு வேகம்வரை போகலாம். 20 பாகை என்றால் ஏறக்குறைய 3 மடங்கு. மணிக்கு 30 கி.மீ. காற்றில் முதலாவது 60, இரண்டாவது 90 கி.மீ. பட்டத்தின் பரப்பளவு இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா?

80 கிலோ ஆள் ஸ்கேட்டில் நிற்கும்போது பனிக்கட்டி அவரைப் பின்னுக்கு இழுப்பது ஒரு கிலோ எடைக்கும் குறைவான விசையில்தான். அதே ஆள் பலகையில் நின்று தண்ணீரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போனால் அது பத்து கிலோவைத் தாண்டிவிடும். குறை காலடியில் இருக்கிறது, பட்டத்தில் இல்லை. அதனால்தான் தண்ணீரில் வேகம் கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் ஃபாயிலைக் காட்டுகிறோம். பலகை நீரை விட்டு எழும்பி, கீழே சிறிய இறக்கை மட்டும் நீருக்குள் ஓடும். அதற்கும் எல்லை உண்டு. 50 நாட் (மணிக்கு ஏறக்குறைய 93 கி.மீ.) அளவில் இறக்கையின் மேல்பக்கம் அழுத்தம் மிகவும் குறைந்து, குளிர்ந்த நீரே கொதித்துக் குமிழியாகிவிடும், பிடி நழுவும். 2012-இல் நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவில் 500 மீட்டர் தூரத்தை 65.45 நாட் வேகத்தில் கடந்த செயில்ராக்கெட் 2 என்ற பாய்மரப் படகு, அந்தக் குமிழியோடு ஒத்துப்போகும் ஆப்பு வடிவ இறக்கையோடுதான் ஓடியது. பட்டக்காரர்களில் அலெக்சாந்தர் கெய்செர்க் 2017-இல் 57.97 நாட் தொட்டார். வழக்கமான பாய்மரப் படகு கவிழாமல் நிற்கவே பாதி பாடுபட வேண்டும். பட்டத்தின் இழுப்போ நேராக இடுப்புப் பட்டைக்கு வருவதால் அந்தத் தொல்லை இல்லை.

இனி பனிக்கட்டிக்குப் போகிறவர்களுக்கு. பட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் அங்கேதான் ஆபத்து. 30 கி.மீ. காற்றில் நீங்கள் 90-ஐ நெருங்கும்போது பட்டத்தின் மேல் பாய்வது 80-க்கு மேற்பட்ட காற்று. இழுப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது நின்றபோது இருந்ததைப் போல் 7 மடங்கு. போதாததற்கு, -20 பாகைக் குளிர்காற்று 20 பாகைக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு அடர்த்தி அதிகம். ஒரு முறை நானே சோம்பல்பட்டு, தண்ணீருக்கு வைத்திருந்த 9 சதுர மீட்டர் பட்டத்தோடு ஏரியில் இறங்கினேன். பட்டம் மேல்நோக்கியும் தூக்கியதால் கத்தியின் பிடி விட்டது. முழங்காலில் ஏரியின் பாதியைக் கடந்தேன். நின்றபடி இழுத்துப் பார்த்து "போதாது" என்று தோன்றும் பட்டம்தான் பனிக்கட்டிக்குச் சரியான பட்டம்.

பெரிய பட்டம் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று: காற்று மெலிந்து, பலகை எழும்பவே மறுக்கும்போது.

வாங்குவதற்கு முன் இப்போது இருப்பதைச் சோதியுங்கள். நல்ல காற்றில் பட்டத்தைத் தலைக்கு மேல் அசையாமல் நிறுத்தி, பக்கத்திலிருந்து நண்பர் ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கயிறு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவுதான் உங்கள் பட்டத்தின் கோணம். புதிதில் இருந்ததைவிட அது கூடியிருந்தால் முதலில் கயிறுகளைச் சந்தேகப்படுங்கள். பாரத்தை அதிகம் சுமப்பவை முன்கயிறுகள். அவை நாளடைவில் நீண்டுவிடும், பட்டம் பின்னால் சரிந்து தொங்கும். நான்கு கயிற்றையும் ஒரே கம்பத்தில் கட்டி, மறுமுனையில் சேர்த்து இழுத்துப் பாருங்கள். நாலைந்து சென்டிமீட்டர் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். தெரிந்தால் பட்டத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, கயிறுகளை மட்டும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பட்டக் கடையிலிருந்து