காலாப்பட்டில் நாடகம் போடும் மகளுக்கு

புதுக்கோட்டை
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். பார்சல் வந்து சேர்ந்ததா என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. ஒட்டியாணத்தின் கொக்கி தளர்ந்திருக்கிறது, உள்பக்கம் நூல் கட்டித்தான் போட வேண்டும். முன்பக்கத்தில் கல் விழுந்த இடங்களை அப்படியே விட்டுவிடு, மேடையில் தெரியாது என்று எழுத வந்தேன். உங்கள் மேடையில் பார்க்கிறவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் உட்காருவார்கள் என்று நீ சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அப்படியானால் கல் வாங்கி ஒட்டிக்கொள்.

அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. அப்பா மிருதங்கத்தின் வலந்தலைக்குத் தோல் மாற்றத் தஞ்சாவூர் போய்வந்தார். பங்குனி பிறந்துவிட்டதல்லவா, இனி ஆடி வரை அவர் ராத்திரியில் வீட்டில் இருக்கமாட்டார். பின்கட்டு ஓடு விஷயம் அப்படியேதான் இருக்கிறது. உன் நாடகத்தின் பெயரை எனக்கு இன்னும் நீ சொல்லவில்லை.

கூடப் படிக்கும் பிள்ளைகளின் நாடகங்களைப் பற்றியெல்லாம் விவரமாகச் சொன்னாய். மாஹேயிலிருந்து வந்த பையன் தன் தாத்தாவின் படகை வைத்து எழுதியிருக்கிறான், மணிப்பூர்ப் பெண் வசனமே இல்லாமல் உடம்பை மட்டும் வைத்து ஒன்று செய்கிறாள், ஆளுக்கு அரைமணி முக்கால்மணி, ஒருவர் நாடகத்துக்கு இன்னொருவர் விளக்குப் போடுவது, ஒருவர் எழுதியதில் மற்றவர் நடிப்பது. கேட்கவே நன்றாக இருந்தது. உன்னுடையது என்ன என்று கேட்டால் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றாய். எழுதி முடிக்காத நாடகத்துக்குச் சேலையின் நிறம் எதற்கு? பொங்கலுக்கு முன்னால் போனில் கேட்டாயே, அம்மா, அன்றைக்கு உடுத்தியிருந்தது பச்சையா ஊதாவா என்று. எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. ஊதா என்றேன். சரி என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நாம் பேசியதெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதுதான்.

தொண்டையைப் பார்த்துக்கொள். சித்தரத்தைத் துண்டும் அதிமதுரமும் பார்சலிலேயே ஒரு பொட்டலமாக வைத்திருக்கிறேன், ஒத்திகை முடிந்ததும் வாயில் அடக்கிக்கொள். ராத்திரி வெகுநேரம் ஒத்திகை பார்த்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. உங்கள் அரங்கத்தில் மைக் கிடையாது என்றாய். மைக் இல்லை என்பதற்காகக் கத்தக்கூடாது, அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கடைசி வரிசைக்குக் கொடுக்க வேண்டும். உன் நாடகத்தில் பாட்டு இருக்குமானால், பாடுகிறவள் யாராக இருந்தாலும், அவளுக்கு ஒத்துவருகிற சுருதியில் பாடட்டும். நான் ஐந்தரைக் கட்டையில் பாடினேன் என்பதற்காக யாரையும் ஐந்தரைக் கட்டைக்கு இழுக்காதே. நரம்பு புடைக்கப் பாடினால் பாட்டு தெரியாது, கஷ்டம்தான் தெரியும்.

நீ அந்தப் பள்ளியில் சேர்ந்தபோது உன் பெரியப்பா வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது உனக்குத் தெரியும். தாய் கொட்டகையில் நின்றது போதாதா என்றார்கள். நான் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை, நகையை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் நாடகப் பள்ளி தொடங்கி, இந்திரா பார்த்தசாரதி போன்ற பெரிய எழுத்தாளர் அதற்கு முதல் பொறுப்பேற்று நடத்தியிருக்கிறார் என்றால், அங்கே என் பெண் படிக்கிறாள் என்பதை நான் எந்த வீட்டுத் திண்ணையிலும் நின்று சொல்வேன். உன் பள்ளிக்கூடப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் தையல் என்று போடு என்றார் உன் ஆச்சி. இசை நாடகக் கலைஞர் என்றுதான் எழுதினேன். அதற்காக உன்னை வகுப்பில் என்னென்ன கேட்டார்கள் என்று நீ என்னிடம் சொன்னதில்லை. இப்போதும் எதுவும் சொல்வதில்லை.

கருவடிக்குப்பம் போனாயா? நகரத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம்தானே போகிறாய். சுவாமிகள் அடங்கிய இடம் அது. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனபிறகும் அந்தப் பிள்ளைகளோடேயே ஊர் ஊராக இருந்து, 1922-இல் புதுச்சேரியில் கண்ணை மூடினார். நான் பேசிய ஒவ்வொரு வசனமும் அவர் போட்ட சோறு. நாடகத்துக்கு முந்தின நாளாவது ஒரு மாலை வாங்கிப் போட்டுவிட்டு வா. ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். அதை நினைத்து நீ பயப்படாதே. உனக்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள், ஆனால் எழுதியதை அம்மாவிடம் ஒருமுறை படித்துக் காட்டலாம்.

அரைமணி நாடகம் என்றால் லேசு என்று நான் நினைக்கவில்லை. எங்களுக்கு ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நேரம் இருந்தது. பபூனும் டான்ஸும் முதலில் வந்து கூட்டத்தை உட்காரவைத்துவிடுவார்கள். முருகனாக வருகிறவர் மதுரைக்காரராக இருப்பார், நாரதர் திண்டுக்கல்லிலிருந்து வந்திருப்பார், முகத்தில் பவுடர் போடும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்ப்போம். ஒத்திகை என்பதே கிடையாது. இருந்தாலும் ‘வள்ளி திருமணம்’ நடந்துவிடும், ஏனென்றால் கதை எல்லோருக்கும் பாடம். ஒரு பாட்டு சரியாக அமையாவிட்டால் அடுத்த பாட்டில் பிடித்துக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை. பார்க்கிறவருக்குக் கதை தெரியாது, முதல் வரியிலிருந்து நீங்கள்தான் சொல்லியாக வேண்டும், பிசகினால் திருத்த நேரமும் இல்லை. அதனால் எதை வைப்பது, எதை விடுவது என்பதில் கவனமாக இரு. அதிலும் எதை விடுகிறாய் என்பதில்.

நாடக மேடையில் பாடிப் பேர்வாங்கிய கே.பி. சுந்தராம்பாள் அம்மாவை நினைத்துப் பார். கணவர் கிட்டப்பா 1933-இல் இறந்தபோது அந்த அம்மாவுக்கு இருபத்தைந்து வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அந்த வெள்ளைச் சேலையைச் சொல்லி உச்சுக்கொட்டுகிறார்கள். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் மறுகோடி வரை போன சாரீரத்தை எத்தனை பேர் முதலில் சொல்கிறார்கள்? எனக்கு இது ஆறவே ஆறாது. ஒரு பெண் பட்ட பாட்டைச் சொன்னால் அவளைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நீ திரைக்குப் பின்னால் துணிப்பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த மனிதர் குடித்திருந்தார். அன்பளிப்பு கொடுக்கிறவர்கள் ஹார்மோனியப் பெட்டியில் வைப்பார்கள், மைக்கில் பெயரைச் சொல்வோம், அதுதான் முறை. அவர் மேடை ஏறி, நோட்டைத் தன் கையாலேயே என் சேலையில் குத்துவேன் என்று நின்றார். பபூன் மாமா நடுவில் புகுந்து, என் மார்பில் குத்துங்கள் முதலாளி என்று ஏதோ பேசிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்து அவரைக் கீழே இறக்கிவிட்டார். அந்த இழுபறியில் தோள்பக்கம் சேலை கிழிந்தது. நீ அழுதாய். டான்ஸ் அக்கா உன்னை மடியில் போட்டுக்கொண்டாள், நீ அழுதபடியே தூங்கிவிட்டாய்.

நீ பார்த்தது அவ்வளவுதான் பாப்பா. அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

கிழிசலை ஊக்கு வைத்துக் குத்திக்கொண்டு தினைப்புனத்துக்கு வந்து ஆலோலம் பாடினேன். அன்றைய நாரதர் தர்க்கத்துக்குப் பேர்போனவர். எத்தனையோ வள்ளிகளைப் பதில் சொல்ல முடியாமல் நிற்கவைத்தவர். முருகனைப் புகழ்ந்து ஒவ்வொரு படியாகக் கட்டிக்கொண்டே போனார். ஒரு பழத்துக்காகத் தாய் தகப்பனைக் கோபித்துக்கொண்டு மலையேறியவர், வீட்டில் தெய்வானை இருக்கும்போது என்னைக் கேட்கிறார், அவரை நம்பி நான் எப்படிக் கழுத்தை நீட்டுவது என்று கேட்டேன். நாரதர் மோகன ராகத்தில் ஒரு விருத்தத்தை எடுத்து அதிலேயே பதில் சொன்னார். நான் அதே மோகனத்தில் நின்றுகொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன். ஹார்மோனிய மாமா பெட்டியை விட்டுக் கையெடுத்து ‘சபாஷ்’ என்றார். படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தர்க்கம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, முருகனாக வரவேண்டியவர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் அவசரமில்லை. அன்று பாடியது போல நான் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. விடிந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் மேடையருகே வந்து, வருகிற சித்திரைக்கும் நீதான் வரவேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். மறுசித்திரையில் அதே மேடையில் அதே வேடம் கட்டினேன். நோட்டீஸில் என் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

உன் நாடகத்தை எங்கே முடிப்பது என்று நான் சொல்லக்கூடாது. நீ எழுதியவள், நீ படித்தவள். ஆனால் கிழிந்த இடத்தில் விளக்கை அணைத்துவிடாதே. அங்கே அணைத்தால் பார்க்க வந்தவர்கள் பாவம் என்று சொல்லிக்கொண்டு எழுந்து போவார்கள். நான் பாவம் இல்லை. என் வேலையை நான் விடியும்வரை செய்தேன். அதில் ஐந்து நிமிடமாவது, அந்தத் தர்க்கத்தில் நாலு கேள்வியாவது அந்த அரைமணிக்குள் வரட்டும். கேள்விகள் எனக்கு இன்னும் பாடம், கேட்டால் எழுதி அனுப்புகிறேன். உன் நாடகம் வேறு எதைப் பற்றியோ என்றால், இதையெல்லாம் எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

படிப்பு முடிந்தபின் என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அப்பாவுக்குத்தான் அந்தக் கவலை. பட்டம் வாங்கியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்காதா என்கிறார். சென்னைக்குப் போய் ஏதாவது குழுவில் சேர்ந்தாலும் சரி, எங்கே தங்குகிறாய், யாரோடு வேலை செய்கிறாய் என்பதை மட்டும் மறைக்காதே. நாடகம் முடிந்து ராத்திரியில் தனியாக வராதே. சம்பளத்தை முதலிலேயே பேசிக்கொள். அட்வான்ஸ் வாங்காமல் போகாதே. இதை எத்தனை முறை சொன்னாலும் நீ சிரிக்கிறாய்.

நாடகம் எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுது. எழுதாவிட்டாலும் விசாரித்துக்கொண்டு வந்துவிடுவேன், ஆனால் நீ கூப்பிட்டு வருவதுதான் எனக்கு வேண்டும். திருச்சிக்குப் போய் அங்கிருந்து விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி பஸ் பிடித்தால் சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம் என்று அப்பா சொல்கிறார். அத்தையும் வருகிறேன் என்கிறாள். அவளால் கீழே உட்கார முடியாது, ஒரு நாற்காலிக்கு மட்டும் உங்கள் ஆசிரியரிடம் கேட்டு வை. மிருதங்கத்துக்கு ரெக்கார்டு போடுவதாக இருந்தால் அது வேண்டாம், சனிக்கிழமை என்றால் தான் ஒரு நாடகத்தை விட்டுவிட்டு வந்து வாசிக்கிறேன் என்று அப்பா சொல்லச் சொன்னார். சித்திரை மாதத்தில் அவர் அப்படி யாருக்கும் சொன்னதில்லை. தேதியை உடனே எழுது, அவர் ஏஜெண்டிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா