குண்டுவீச்சுக் கணக்கை எந்தத் தேதியில் தொடங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இரண்டாம் உலகப் போர் கட்டுரை, பொதுமக்கள் மீது முதலில் குண்டு போட்டது பிரிட்டன்தான் என்று அடித்துச் சொல்கிறது. 1940 மே 11 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் முன்ஷென்கிளாட்பாக் நகரைத் தாக்கியதையும், ஆகஸ்ட் 25 இரவு பெர்லினுக்குப் போனதையும் கட்டுரையாளர் ஆதாரமாகக் காட்டுகிறார். தேதிகள் சரிதான். ஆனால் போர் தொடங்கியது 1939 செப்டம்பரில். நடுவில் இருந்த எட்டு மாதங்கள் எங்கே போயின?

1939 செப்டம்பர் 1 விடியற்காலையில், எல்லைக்குப் பக்கத்தில் இருந்த வியெலூன் என்ற சிறிய போலந்து ஊரை ஸ்டூகா என்ற ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்கள் தாக்கின. மருத்துவமனையும் தப்பவில்லை; ஊரின் நடுப்பகுதி பெரும்பாலும் தரைமட்டமானது. தாக்குதல் நடந்த நேரம் 4.40 என்கிறார்கள் போலந்துக்காரர்கள். ஜெர்மன் படையின் பதிவேடு அதற்கு ஒரு மணி நேரம் தாமதமாகக் காட்டுகிறது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதிலும் தகராறு உண்டு. போலந்துக் குதிரைப்படை அங்கே இருப்பதாகத் தகவல் வந்ததால்தான் தாக்கினார்கள் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சரி, அதுவும் பேச வேண்டிய வாதம்தான். ஆனால் பேசாமலே தாண்டிப் போவது வேறு விஷயம். 2019-ல் ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர் அதே ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவருக்கே இல்லாத தயக்கம் நம் கட்டுரையாளருக்கு ஏன்?

அதே செப்டம்பர் 25 அன்று போலந்தின் தலைநகர் வார்சா. சரக்கு ஏற்றும் யுங்கர்ஸ் விமானங்களின் கதவு வழியாகத் தீக்குண்டுகளை மண்வாரியால் அள்ளிக் கொட்டினார்கள். இலக்கு பார்த்துப் போடுகிறவர்கள் செய்கிற வேலையா இது? வார்சா முற்றுகையில் இருந்த நகரம், ஆகவே போர்ச் சட்டப்படி தாக்கலாம் என்பார்கள். முற்றுகையில் இருந்தது உண்மைதான். அதனால் நகரத்துக்குள் இருந்த மக்கள் பட்டாளத்தார் ஆகிவிட மாட்டார்கள்.

பிரிட்டனைக் குற்றவாளியாக்கும் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஃப்ரைபுர்க் நகரத்தில் போய் நிற்கும். 1940 மே 10 அன்று ஜெர்மனியின் அந்த நகரத்தில் குண்டுகள் விழுந்து 57 பேர் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. எதிரி விமானங்களின் வேலை என்று ஜெர்மன் அரசு உடனே அறிவித்தது. இனி இப்படி நடந்தால் ஐந்து மடங்கு விமானங்களை அனுப்பிப் பதில் தருவோம் என்றும் மிரட்டியது. உண்மையில் வந்தவை ஜெர்மனியின் சொந்த ஹைங்கெல் விமானங்கள். பிரான்ஸின் திஜோன் பக்கம் போகக் கிளம்பி, மேகத்தில் வழி தவறி, சொந்த ஊரிலேயே போட்டுவிட்டன. போர் முடியும் வரை இந்தப் பழியை நாஜிப் பிரச்சாரம் விடவில்லை. 1956-ல் ஆன்டன் ஹோக் என்ற ஜெர்மன் ஆய்வாளர்தான் ஆவணங்களை வைத்து நடந்ததை நிறுவினார். முன்ஷென்கிளாட்பாக் தாக்குதல் இதற்கு அடுத்த நாள் இரவு நடந்தது. அதை மட்டும் தனியாக எடுத்துக்காட்டினால் படிக்கிறவருக்கு என்ன புரியும்?

பிரச்சாரத்தில் எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. மே 14 அன்று நெதர்லாந்தின் ராட்டர்டாமில் சரணடையும் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே குண்டு போட்டது ஜெர்மனி. செத்தவர்கள் சுமார் 850 பேர். நேச நாட்டுப் பத்திரிகைகள் 30,000 என்று எழுதின. கோபம் உச்சத்தில் இருந்த மறுநாள்தான், ஜெர்மனியில் ரைன் ஆற்றுக்குக் கிழக்கே குண்டு போட பிரிட்டிஷ் அமைச்சரவை அனுமதி தந்தது. பெர்லின் தாக்குதலுக்கு முந்தைய இரவு லண்டன் மீது விழுந்த குண்டுகளைக்கூட ஜெர்மன் விமானிகள் வழி தவறிப் போட்டார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். தவறுதலாக விழுந்ததற்கும் பழி, பழிக்குப் பழி என்று போயிருக்கிறது.

இதையெல்லாம் எழுதுவதால் நான் பிரிட்டனுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். 1942 பிப்ரவரி 14 அன்று அவர்களுடைய விமானப்படைக்கு வந்த உத்தரவு, எதிரி நாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மனஉறுதியைக் குறிவைக்கச் சொன்னது. துறைமுகமோ விமானத் தொழிற்சாலையோ அல்ல, குடியிருப்புகளே இலக்கு என்று விமானப்படைத் தளபதி போர்ட்டல் தெளிவுபடுத்தவும் செய்தார். மறு வருடம் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் குண்டுவீச்சில் ஒரே வாரத்தில் 30,000 பேருக்கு மேல் செத்தார்கள். வியெலூனைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது. யார் தொடங்கினார்கள் என்பது ஒரு கேள்வி, அப்புறம் அவரவர் என்ன செய்தார்கள் என்பது வேறு கேள்வி. கட்டுரை இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது.

இன்னும் பின்னால் போனால் 1937-ல் குண்டுவீச்சுக்கு ஆளான ஸ்பெயினின் குவெர்னிகா, அதற்கும் முன்னால் 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரின் மீது குண்டு போட்ட செப்பெலின் என்ற ஜெர்மன் வான்கப்பல் என்று பட்டியல் நீளும். அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் போலந்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். ஃப்ரைபுர்க் பற்றி எழுதினால் அந்த விமானங்கள் யாருடையவை என்பதையும் சேர்த்தே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருச்சி