அரிசி அட்டையும் காப்பி விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரேஷன் அரிசியை வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று வாதிடும் கட்டுரையைச் சென்ற வாரம் தங்கள் இதழில் படித்தேன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் 31 ஆண்டுகள் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

1991 ஜூலையில் மன்மோகன் சிங் தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி அன்று எங்கள் மலையில் அதிகம் பேச்சில்லை. அதன் தொடர்ச்சி மெல்ல எங்கள் களத்துக்கே வந்து சேர்ந்தது. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைத்துவிட்டு, தவணை தவணையாக வரும் பணத்துக்குக் காத்திருந்த தோட்டக்காரர்கள், 1990களின் நடுவில் தாங்கள் விரும்பியவருக்கு விற்கும் உரிமையைப் பெற்றார்கள். 1994இல் பிரேசிலில் உறைபனி விழுந்து உலகச் சந்தையில் விலை ஏறியிருந்த காலம் அது. தோட்டக்காரர் கையில் உடனே பணம் புரண்டது. எங்களுக்கும் கூலி தவறாமல் வந்தது. தாராளமயத்தால் கெடுதல் மட்டுமே நேர்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வியட்நாம் காப்பி சந்தையில் வந்து குவிந்தது. 2001, 2002 ஆண்டுகளில் விலை தரைமட்டத்துக்கு விழுந்துவிட்டது. நான் வேலை பார்த்த தோட்டத்தில் முதலில் நின்றவை களையெடுப்பும், கிளைகளை வெட்டிச் சீர்செய்யும் கவாத்தும்தான். வாரத்துக்கு ஆறு நாள் பேர் விழுந்த செக்ரோலில் மூன்று நாள் விழுந்தது. அந்தப் பக்கங்களை என் கையால்தான் எழுதினேன். லைன் வீடுகள் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் வாழ்ந்த பெண்கள் சம்பள நாளில் அவற்றைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் திரும்பிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவர்கள் வீட்டில் உலை வைத்தது ரேஷன் அரிசிதான். 1997இல் மத்திய அரசு மக்களைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு அந்தப் பாகுபாட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. 2000ஆம் ஆண்டில் கோட்டுக்கு மேலே வைக்கப்பட்டவர்களுக்கு மானியம் இல்லாத முழு அடக்க விலையையே மத்திய அரசு நிர்ணயித்ததால், பல மாநிலங்களில் அவர்கள் ரேஷன் கடைப்பக்கம் வருவதே நின்றுபோனது.

எங்கள் ஆட்களை அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைத்திருப்பார்கள்? 2002ஆம் ஆண்டு வறுமைக்கோட்டுக் கணக்கெடுப்பின் 13 கேள்விகளில் வீட்டின் தரமும் ஒன்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்காக நிர்வாகம் கட்டிக்கொடுத்த லைன் வீடு, வேலை போன மறுநாளே காலி செய்ய வேண்டிய வீடு, அந்தக் கேள்விக்கு முன்னால் உறுதியான வீடாக நின்று மதிப்பெண்ணைக் கூட்டிவிடும்; மதிப்பெண் கூடினால் ஏழை என்ற கணக்கில் இடமில்லை. கார்த்திகை தொடங்கி மாசி வரை பழம் பறிப்புக் காலம். கணவனும் மனைவியுமாகக் கூடை கூடையாகப் பறித்துக் கிலோக் கணக்கில் கூலி வாங்குவார்கள். தை மாதத்தில் கணக்கெடுக்க வருகிறவர் அவர்களை ஏழைகள் என்று எழுத மாட்டார். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து மழையும் பிடித்துவிட்ட பிறகு அதே வீட்டில் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிருக்கும். அப்போது கணக்கெடுக்க யாரும் மலையேறி வருவதில்லை.

2011 ஜூன் முதல் இங்கே அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்தபோதும், எல்லோருக்கும் அரிசி என்ற முறையை மாநிலம் கைவிடவில்லை. வசதியுள்ளவர்கள் வாங்கும் அரிசி வீணாகிறது என்ற கட்டுரையாளரின் கவலை நியாயமானதே. அதற்காகக் கோடு போடத் தொடங்கினால் முதலில் விடுபடுபவர்கள் இந்த லைன் வீட்டுக்காரர்கள்தான்.

சீர்திருத்தம் செய்ய விரும்பும் அதிகாரிகளுக்கு இந்த மலையில் வேறு வேலை காத்திருக்கிறது. காலமெல்லாம் பழம் பறித்துத் தேய்ந்த விரலின் ரேகை, ரேஷன் கடையில் ஆளைச் சரிபார்க்கும் கருவியில் பதிவதில்லை. சிக்னல் இல்லாத நாளில் கருவியே இயங்குவதில்லை. மூன்று மைல் நடந்து வந்த மூதாட்டி வெறும் பையோடு திரும்பாதபடி, அப்படிப்பட்ட நாட்களில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு அரிசி கொடுக்கும்படி மலைக் கடைகளுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கர்,
ஏற்காடு.