தலைமையாசிரியர் விடைபெறும்போது

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு தலைமையாசிரியர் ஓய்வு பெறும்போது பாராட்டிப் பேசுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருகிறார். அவரோடு சேர்ந்து பள்ளியை விட்டுப் போவது என்னென்ன என்று யாரும் யோசிப்பதில்லை.

என் மகள் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் தினமும் வருகைப் பதிவேட்டைத் தானே பார்ப்பார். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வரவில்லையென்றால், நாலாம் நாள் மாலை அந்த வீட்டு வாசலில் நிற்பார். திட்டுவதற்கு அல்ல. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார். படிப்பை நிறுத்துவது ஒரே நாளில் நடப்பதில்லை. விட்டுவிட்டு வரும் நாட்களிலேயே அது தொடங்கிவிடுகிறது. அப்புறம், புதிதாகச் சேர்ந்த ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். குறை இருந்தால் தனியே அழைத்துத்தான் சொல்வார்.

1966 அக்டோபர் 5 அன்று பாரிஸில் ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் ஏற்கப்பட்ட ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரையை நினைவுகூர்ந்தே 1994 முதல் அந்த நாள் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆசிரியருக்குரிய மதிப்பையும் பணிச்சூழலையும் அந்தப் பரிந்துரை சேர்த்தே பேசுகிறது. நாம் மதிப்பைப் பேச்சோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

ஓய்வு பெறுபவரும் அடுத்து வருபவரும் சில வாரங்களாவது சேர்ந்து பணியாற்றக் கல்வித் துறை வழி செய்ய வேண்டும். எந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு எட்டு போய்ப் பார்க்க வேண்டும் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்